கடலுக்கு எட்டாத டவர்

எங்கள் கம்பனியைப் பெரிய கம்பனி வாங்கப்போகிறது என்பதை நான் முதலில் கேட்டது ஒரு வாடிக்கையாளரிடமிருந்துதான். மன்னார் நகரத்தில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் கிளை இருந்தது. புது சிம் கொடுப்பது, தொலைந்த இலக்கத்தை மீட்டுக் கொடுப்பது, இன்டர்நெட் வேலை செய்யவில்லை என்று கோபத்தோடு வருபவர்களைச் சமாதானப்படுத்தி அனுப்புவது. கவுண்டரில் இதுதான் என் வேலை. அன்று காலை ரீலோட் போட வந்த ஆசிரியர் ஒருவர், "அப்ப உங்கட கடையைப் பூட்டப் போயினமோ?" என்று சாதாரணமாகக் கேட்டார். பிறகு தன் போனில் வந்திருந்த செய்தியைத் திருப்பிக் காட்டினார்.

"எங்களுக்கு அப்பிடியொண்டும் சொல்லேல்லை சேர்" என்று சிரித்துக்கொண்டு சொன்னேன். அவர் போன பிறகு அடுத்தவரின் அடையாள அட்டையை வாங்கி, அதில் என்ன பார்க்க வேண்டும் என்பதே மறந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

உண்மையில் நான் அந்தக் கம்பனியின் ஆளும் அல்ல. மேன்பவர் நிறுவனம் ஒன்றுதான் என்னை அங்கே அனுப்பியிருந்தது. சட்டையில் கம்பனியின் சின்னம் இருக்கும். சம்பளம் வேறிடத்திலிருந்து வரும். வருடம் முடியும்போது ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். புதுப்பிக்காமலும் விடலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. பல வருடங்களாக ஒவ்வொரு டிசம்பரிலும் நான் அந்தப் பயத்தோடுதான் இருந்தேன். இப்போது டிசம்பர் வரை காத்திருக்கவும் வேண்டியிருக்கவில்லை.

அந்த மாதமே கொழும்பிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். எங்களை நிற்கவைத்து, நல்ல விதமாகவே சிங்களத்தில் பேசினார். இரண்டு குடும்பங்கள் ஒன்றாவது போல என்றார். யாரும் பயப்பட வேண்டாம் என்றார். அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். எங்கள் கிளை முகாமையாளர் அதைத் தமிழில் சொல்லும்போது எங்கள் முகங்களைப் பார்க்கவில்லை. அதே தெருவில் பெரிய கம்பனிக்கும் ஒரு கிளை இருந்தது. ஒரு தெருவில் இரண்டு கவுண்டர்களை எந்தக் குடும்பம் வைத்திருக்கும்?

எங்கள் தொழிற்சங்கத்தின் கிளைச் செயலாளர் ஒரு டவர் தொழில்நுட்பவியலாளர். மாவட்டம் முழுவதும் அலைந்து டவர்களில் ஏறி இறங்குபவர். நிரந்தர ஊழியர். எல்லோருக்கும் அவர் அண்ணை. ஒரு நாள் மத்தியானம், கிளைக்குப் பின்னால் நான் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது வந்து முன்னால் இருந்தார்.

"தங்கச்சி, ஒரு சட்டமூலம் வரப்போகுது. இனி ரெண்டு கம்பனி சேருறதெண்டா, வேலை செய்யிற ஆக்களுக்கு என்ன செய்யப்போயினம், சனத்துக்குச் சேவை குறையாதோ எண்டதுக்கெல்லாம் முதலே எழுத்தில பொறுப்புச் சொல்ல வேணும். ஒரு இடத்தில சேவையைக் குறைக்கிறதெண்டா அந்த ஊர்ச் சனத்திட்டக் கேக்க வேணும். எங்கட சங்கம் அதை ஆதரிக்குது. கொழும்பில ஒரு குழு கருத்துக் கேக்குது. வடக்கில இருந்து நீங்கள் வந்து கதைச்சா நல்லது."

"நீங்களே கதைக்கலாமே அண்ணை."

"நானும் போறன். ஆனா நான் நிரந்தரம். என்னைத் தூக்கிறது அவ்வளவு லேசில்லை. இந்தச் சட்டம் உங்களைப் போல ஆக்களுக்குத்தான் கூடத் தேவை. நீங்கள் சொன்னாத்தான் அவைக்கு விளங்கும்."

"அதாலதான் அண்ணை எனக்கு ஏலாது" என்றேன்.

அவர் வற்புறுத்தவில்லை. யோசித்துப் பாருங்கோ என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். நான் சோற்றை அப்படியே சுற்றிப் பைக்குள் வைத்தேன்.

இரண்டொரு நாளில் முகாமையாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவரும் வீட்டில் சின்னப் பிள்ளைகள் உள்ள மனிதர்தான். கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, "கொழும்பில இருந்து கேட்டவை, ஆர் ஆர் சங்கத்தோட கதைக்கினம் எண்டு. நான் ஒருத்தரின்ர பேரும் சொல்லேல்லை. ஆனா திரும்பவும் கேப்பினம்" என்றார். அவர் என்னை மிரட்டினாரா எச்சரித்தாரா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அவர் விரல்கள் மேசையில் இருந்த பேனையின் மூடியைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருந்தன.

எங்கள் வீடு விடத்தல்தீவில். கணவர் கடற்றொழில் செய்பவர். அந்த வாரம் ஒரு பின்னேரம் அவர் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"இண்டைக்குக் கரைக்கு ஒரு ஆள் வந்தவன். சிவில் உடுப்பு. உங்கட மனிசி மன்னாரில எந்தக் கந்தோரில வேலை, சங்கத்தில இருக்கிறாவோ எண்டு கேட்டவன்."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"தெரியாது எண்டனான்."

"ஆரெண்டு கேக்கேல்லையோ?"

"கேட்டா மட்டும் சொல்லுவாங்களோ?"

கம்பனி அனுப்பிய ஆளா, வேறெங்கிருந்தும் வந்தவரா, வெறுமனே ஊர் வம்பு விடுப்புக் கேட்கிற மனிதரா என்று எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. எங்கள் பக்கத்தில் யாராவது வந்து பெயர் கேட்டால், அதை யாரும் லேசாக எடுப்பதில்லை. போர்க்காலத்தில் பெயர் கேட்கப்பட்டு, அதன் பிறகு வீடு திரும்பாத சிலருடைய வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே உண்டு. அவர்களுடைய படங்களுக்கு இன்றும் மாலை போடவில்லை. போட்டால் இறந்துவிட்டதாக ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று தாய்மார் விடமாட்டார்கள். மறுநாளிலிருந்து நான் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளைப் பகலிலும் போடத் தொடங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்க்கப் போனேன். அவர் மடுவுக்குப் போகும் பாதையில் உள்ள ஒரு குடியேற்றக் கிராமத்தில் இருக்கிறார். மலையகத் தோட்டமொன்றில் பிறந்து, கலவரத்தில் விரட்டப்பட்டு வடக்கே வந்தவர். நான் பிறந்தது இங்கேதான் என்றாலும், வீட்டில் அவர் பேச்சு இன்னும் மாறவில்லை. நடந்ததைச் சொன்னேன். வெட்டிக் குவித்திருந்த விறகை அடுக்கிக்கொண்டே கேட்டார்.

"வேணாம் புள்ள" என்றார். "தோட்டத்துல சங்கத்துல சேந்தவன் பேரத்தான் மொத வெட்டுவாங்க. என் பேர வெட்டுனப்ப லயத்து வீட்ட விட்டும் போகச் சொல்லிட்டாங்க. ஒங்கம்மா ஒங்கண்ணன கைக்கொழந்தையா வச்சுக்கிட்டு நின்னா. நீ போகாத."

வேலை போவதைத் தோட்டத்தில் பெயர் வெட்டுவது என்றுதான் சொல்வார்கள். அப்பா அதைச் சொன்ன விதத்தில், பேரேட்டில் இருந்த பெயரை அல்ல, ஆளையே வெட்டியது போல இருந்தது. நான் போகமாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் திரும்பி வந்தேன்.

அதற்குப் பிறகுதான் டவரை அணைத்தார்கள்.

எங்கள் கம்பனியின் டவர் விடத்தல்தீவில் கடலோரமாக, சேற்றில் வளரும் கண்டல் மரக் காட்டுக்கு அருகே நின்றது. பெரிய கம்பனியின் டவர் உள்ளே பிரதான வீதியோடு இருந்தது. கொழும்பில் வரைபடத்தை வைத்துப் பார்த்தவர்களுக்கு இரண்டும் ஒரே ஊருக்கு வேலை செய்வதாகத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று போதும் என்று முடிவெடுத்துவிட்டார்கள். ஒரு காலையில் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வந்து எங்கள் டவரின் மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் போனார்கள். செயலாளர் அண்ணைக்கே பிறகுதான் தெரியும்.

கரையில், பெரிய கம்பனியின் டவரைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் முன்பு போலத்தான் இருந்தது. வீட்டில் போன் பேசலாம், படம் பார்க்கலாம். ஆனால் வள்ளம் கண்டலைத் தாண்டியதும் சிக்னல் போய்விடும். அந்த வாரமே விடத்தல்தீவுக் கடற்றொழிலாளர்கள் எங்கள் கவுண்டருக்கு வரத் தொடங்கினார்கள்.

"அக்கா, கடல்ல ஒரு கோடும் வருகுதில்லை. என்ன செய்தனீங்கள்?"

இப்படிக் கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டிய பதில் மேலிடத்திலிருந்து வந்திருந்தது: சீரமைப்பு வேலை நடக்கிறது, விரைவில் சரியாகும். நான் அவர்களின் முறைப்பாட்டைப் பதிந்தேன். முகாமையாளரிடமும் சொன்னேன். அவரும் மேலே எழுதினார். எவரிடமிருந்தும் பதில் வரவில்லை.

அது தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கும் காலம். கணவரும் இன்னொருவரும் ஒரே படகில் விடியமுன் போவார்கள். டவர் வேலை செய்த நாட்களில், கரைக்குத் திரும்பும்போது அவர் எனக்கு ஒரு அழைப்பு எடுப்பார். "வாறன்" என்ற ஒரு சொல்தான். அதற்குப் பிறகு அந்த அழைப்பு நின்றுபோனது. படகு கரைக்கு வந்ததும் மச்சாள், அதாவது கணவரின் தமக்கை, எனக்கு எடுத்துச் சொல்வாள் என்று ஏற்பாடு செய்துகொண்டோம்.

அன்று மத்தியானம் மச்சாளின் அழைப்பு வந்தது.

"மற்ற வள்ளமெல்லாம் வந்திட்டுது. தம்பியாக்கள் இன்னும் வரேல்லை. நீ பயப்பிடாத. காத்துக் கூடத்தான்."

அவருடைய இலக்கத்துக்கு எடுத்தேன். நீங்கள் அழைத்த இலக்கத்துடன் தற்போது தொடர்புகொள்ள முடியாதுள்ளது என்று ஒரு பெண் குரல் சொன்னது. முதலில் சிங்களம், பிறகு தமிழ், பிறகு ஆங்கிலம். எங்கள் கம்பனியின் குரல் அது. வாடிக்கையாளர்கள் அதைப் பற்றிக் குறை சொல்லி வரும்போது எத்தனையோ முறை நானே அதைக் கேட்டுச் சோதித்திருக்கிறேன். அன்று மூன்று மொழியையும் முழுதாகக் கேட்டேன், கடைசியில் ஏதாவது மாற்றிச் சொல்லிவிடுமோ என்பது போல. வைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். எனக்கு முன்னால் ஒரு அம்மா சிம் உடைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் புது சிம் போட்டுக் கொடுத்தேன். இலக்கத்தைச் சரியாகத்தான் பதிந்திருப்பேன். எப்படி என்று தெரியாது.

முகாமையாளர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேள்வி கேட்காமல் போகச் சொன்னார்.

பேருந்து மன்னாரைப் பெருநிலத்தோடு இணைக்கும் தள்ளாடிப் பாலத்தில் ஊர்ந்தது. இரண்டு பக்கமும் கடல் நுரைத்துக்கொண்டிருந்தது. யன்னல் கண்ணாடி காற்றில் தட்டிக்கொண்டே வந்தது. என்னென்ன நடந்திருக்கலாம் என்று மனம் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைத்தது. படகு கவிழ்ந்திருக்கலாம். இந்தியக் கரையின் இழுவைப் படகொன்று இருட்டில் ஏறியிருக்கலாம். எஞ்சின் நின்று எல்லையைத் தாண்டிப் போயிருந்தால், அந்தப் பக்கத்தில் பிடித்து வைத்திருப்பார்கள். அப்படியானால் உயிரோடாவது இருப்பார். எவருக்கும் வரக்கூடாத அந்த நிலைமைக்காக நான் வேண்டிக்கொண்டு போனேன்.

கரையில் பெண்கள் கூடிவிட்டார்கள். மச்சாள் செபமாலையோடு நின்றாள். மீனவர் சங்கத்து ஆட்கள் ஏற்கெனவே படகுகளில் தேடப் போயிருந்தார்கள். அவர்கள் போன திசையில் எதுவும் தெரியவில்லை. தேடப் போனவர்களையும் கூப்பிட முடியாது, அவர்களுக்கும் சிக்னல் இல்லை. கரையில் நின்ற எங்கள் எல்லோர் கைகளிலும் போன் இருந்தது. எல்லாவற்றிலும் சிக்னல் நிறைய இருந்தது. ஒன்றுக்கும் உதவாமல் பிடித்துக்கொண்டு நின்றோம்.

கணவர் வீட்டார் கத்தோலிக்கர், நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். செபம் எனக்குப் பாதிதான் வரும். அன்று வராத இடங்களில் வாயை மட்டும் அசைத்தேன்.

வெயில் மஞ்சளாகி இறங்கும்போது, வடக்குப் பக்கமிருந்து ஒரு படகு இன்னொன்றை இழுத்துக்கொண்டு வருவதைக் கண்டார்கள். பின்னால் வருவதில் ஆட்கள் இருக்கிறார்களா என்று வெகுநேரம் தெரியவில்லை. பிறகு மச்சாள், "ரெண்டு பேரும் இருக்கினம்" என்று சொல்லிவிட்டு மணலில் அப்படியே இருந்துவிட்டாள்.

கணவரின் உதடுகள் வெடித்திருந்தன. எஞ்சின் நின்றதும் நங்கூரம் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், பிடிக்கவில்லை. கொண்டுபோன தண்ணீர்க் கான் படகு ஆடிய ஆட்டத்தில் கடலில் விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் குடித்த பிறகுதான் பேசினார்.

"போனை உயர்த்தி உயர்த்திப் பிடிச்சனான். வள்ளத்தின்ர முன் அணியத்தில ஏறி நிண்டும் பாத்தனான். எங்கட டவர் கண்ணுக்குத் தெரிஞ்சுது. முழுசாத் தெரிஞ்சுது. ஒண்டும் வரேல்லை."

அதைச் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பல வருடங்களாகக் கடலில் தொழில் செய்யும் மனிதர் அப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை. அவருடைய பயத்தைக் கண்டபோது எனக்குள் இருந்த மற்றப் பயங்கள் போய்விடவில்லை. ஆனால் அவற்றுக்கு முன்னால் இது வந்து நின்றது.

மறுநாள் காலை செயலாளர் அண்ணைக்கு எடுத்தேன்.

"அண்ணை, என்ர பேரைக் குடுங்கோ."

"வீட்டில கேட்டனீங்களோ?" என்றார்.

கணவர் பக்கத்தில்தான் இருந்தார். "போ" என்றார். "தனியப் போகாத. வந்து சேரும் வரைக்கும் எனக்குப் போன் எடு."

கொழும்புக்கு ரயிலில் போனோம். அண்ணையும் அவர் மனைவியும் கூட வந்தார்கள். நான் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. குழு கூடும் கட்டடத்தின் வாசலில் அடையாள அட்டையை வாங்கி, பையைச் சோதித்து, போன்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கணவருக்கு எடுக்க முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. சீருடைக்காரர் ஒருவர் என் பெயரை எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார். திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். அண்ணையின் மனைவி என் முழங்கையைப் பிடித்திருந்தார்.

அறை குளிராக இருந்தது. நீண்ட மேசை. மொழிபெயர்ப்பைக் கேட்க எல்லோர் முன்னாலும் ஒரு காதுக்கருவி. எதிர்ப்பக்கத்தில் கம்பனிகளின் ஆட்களும் வந்திருந்தார்கள். எங்கள் கிளைச் சுவரில் படமாகத் தொங்கிய உயர் அதிகாரி ஒருவர் அவர்களுக்கு நடுவில் இருந்தார். படத்தில் போலவே புன்னகையோடு இருந்தார்.

என் முறை வந்தபோது முதல் வசனத்தைத் தொடங்கி நிறுத்திவிட்டேன். தண்ணீர் தந்தார்கள். பிறகு சொன்னேன். கவுண்டரைப் பற்றி, ஒப்பந்தத்தைப் பற்றி, டவரைப் பற்றி, படகைப் பற்றி. ஒழுங்காகச் சொல்லவில்லை, பின்னுக்குச் சொல்ல வேண்டியதை முன்னுக்குச் சொன்னேன். தலைமை தாங்கியவர் கேட்டது தமிழில் என் காதில் வந்தது.

"அந்த டவரை நிறுத்த முன்னர் ஊரில் யாரிடமாவது கேட்டார்களா?"

"இல்லை."

"முறைப்பாடு சொன்னவர்களுக்கு என்ன பதில் சொல்லும்படி உங்களுக்குச் சொன்னார்கள்?"

எதிர்ப்பக்கத்தைப் பார்க்கக்கூடாது என்று இருந்தேன். பார்த்துவிட்டேன். அந்த அதிகாரி புன்னகையை விட்டுவிட்டு என்னைக் கவனித்துக்கொண்டிருந்தார். இதற்குப் பதில் சொன்னால் என் வேலையை நானே கொடுத்துவிடுவதாகும் என்று தெளிவாகத் தெரிந்தது.

"சீரமைப்பு எண்டு சொல்லச் சொன்னவை. சீரமைப்பு ஒண்டும் நடக்கேல்லை" என்றேன்.

வெளியே தாழ்வாரத்தில் அந்த உயர் அதிகாரி என்னருகே வந்தார். உடைந்த தமிழில், மரியாதையாக, எந்தக் கிளை என்று கேட்டார். மன்னார் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அந்தத் தலையாட்டல் பல வாரங்கள் என்னோடு இருந்தது. கந்தோர் போன் அடிக்கும்போதெல்லாம் அவர்தான் என்று நினைத்தேன்.

ஆனால் முதலில் வந்தது வேறு அழைப்பு. ஒரு முற்பகல் என் போனில் கணவரின் இலக்கம் விழுந்தது. அவர் கடலில் இருக்க வேண்டிய நேரம். யாரோ அவர் போனிலிருந்து கெட்ட செய்தி சொல்லப்போகிறார்கள் என்று எடுக்கவே கை வரவில்லை.

"டவர் வேலை செய்யுது" என்றார். பின்னால் எஞ்சின் சத்தம் கேட்டது. "வாறன்."

மீனவர் சங்கம் கொடுத்த மனுவாலா, குழுவில் பேசியதாலா, ஏன் திரும்பப் போட்டார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. தற்காலிகம் என்று அண்ணை கேள்விப்பட்டார். அதன் பிறகு அவரையே தெற்கில் வெகுதூரத்து மாவட்டமொன்றுக்கு மாற்றிவிட்டார்கள். சேவைத் தேவை என்று காரணம். எங்கள் கிளை மூடப்பட்டது. நான் அதே தெருவில் பெரிய கம்பனியின் கவுண்டரில் வேறு நிறச் சட்டையோடு இருக்கிறேன். ஒப்பந்தம் முன்பு வருடத்துக்கு வந்தது. இப்போது மாதங்களுக்கு வருகிறது. அப்பாவிடம் கொழும்புக்குப் போனதைச் சொன்னபோது திட்டவில்லை. விறகடுப்பை ஊதிக்கொண்டே, "பேர வெட்டலியா?" என்று மட்டும் கேட்டார். "இன்னும் இல்லப்பா" என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

சட்டமூலம் இன்னும் பேச்சில்தான் இருக்கிறது. சேவையைக் குறைக்க முன் நிலத்திலும் கடலிலும் போய்ப் பரிசோதிக்க வேண்டும் என்ற வாசகம் இப்போதைய வரைவில் இருப்பதாகச் சங்கத்தில் சொன்னார்கள். மேன்பவர் ஊழியர்களையும் சேர்ப்பதா என்பதில் இன்னும் இழுபறி. அதற்காகச் சென்ற மாதம் மன்னாரில் ஒரு மண்டபத்தில் எங்களைப் போன்றவர்களைக் கூப்பிட்டோம். வந்தவர்கள் கதிரைகளை வாசலுக்குக் கிட்ட இழுத்துப் போட்டு இருந்தார்கள். முருங்கன் பக்கமிருந்து வந்த ஒரு பிள்ளை யன்னல்களைச் சாத்தச் சொன்னாள். புழுங்கியது, ஆனாலும் சாத்தினோம். படம் எடுக்க வேண்டாம் என்று எல்லோரும் கேட்டார்கள், எடுக்கவில்லை. கலைந்து போகும்போது அந்தப் பிள்ளை மட்டும் என்னருகே வந்து, அடுத்த அமர்வுக்குக் கொழும்பு போகும்போது தானும் கூட வரலாமோ என்று கேட்டாள். நான் அவளுடைய இலக்கத்தை என் போனில் பதிந்தேன். பதியும்போது அவள் பெயரை எழுதவில்லை. அவளும் எழுதச் சொல்லவில்லை.